எல்லா சிவப்புப் புள்ளியும் ஒரே அம்மையா? தட்டம்மை வைரஸைக் குழாயில் பிடித்த ஜான் எண்டர்ஸின் கதை

குழந்தைக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சல். அப்புறம் முகத்தில், மார்பில் சிவப்புப் புள்ளிகள். பார்த்தவுடனே வீட்டில் அம்மை போட்டிருக்கு என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகிவிடுவோம். ஆனா எந்த அம்மை? தட்டம்மையா, ரூபெல்லாவா, டெங்குவா, இல்லை வேறு ஏதாவது வைரஸா? அனுபவமுள்ள டாக்டர்கூட கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

இன்று இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதற்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி ஜான் பிராங்க்ளின் எண்டர்ஸ். இவர் யார், என்ன செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

டாக்டர் பட்டம் தேடிப்போன இலக்கிய மாணவர்

1897 பிப்ரவரி 10-ம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார் எண்டர்ஸ். அப்பா வங்கித் துறையில் இருந்தவர், வசதியான குடும்பம். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது முதல் உலகப்போர் வந்தது. படிப்பை நிறுத்திவிட்டு கடற்படை விமானப் பிரிவில் சேர்ந்தார். மற்றவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை.

போர் முடிந்து திரும்பி வந்து பட்டம் வாங்கினார். கொஞ்ச காலம் ரியல் எஸ்டேட் தொழில் செய்து பார்த்தார், ஒத்துவரவில்லை. பிறகு ஹார்வர்டு போய் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, முனைவர் பட்டத்துக்கும் தயாராகிக்கொண்டிருந்தார்.

அங்கேதான் பாதை மாறியது. அவருடன் தங்கியிருந்த நண்பர் ஹியூ வார்டு, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் கிருமியியல் சொல்லிக்கொடுப்பவர். அவர் கூட ஆய்வகத்துக்குப் போய் வேடிக்கை பார்க்க ஆரம்பித்த எண்டர்ஸ், அங்கிருந்த பேராசிரியர் ஹான்ஸ் ஜின்சரிடம் மாணவராகவே சேர்ந்துவிட்டார். 1930-ல் முனைவர் பட்டம் வாங்கியபோது வயது 33. எம்.பி.பி.எஸ். மாதிரி மருத்துவப் பட்டம் எதுவும் அவரிடம் கடைசிவரை இல்லை.

மிச்சமிருந்த குழாய்கள் செய்த வேலை

1946-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் தொற்றுநோய் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார் எண்டர்ஸ். தாமஸ் வெல்லர், ஃபிரடெரிக் ராபின்ஸ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அப்போது வைரஸ் ஆய்வில் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. பாக்டீரியாவைச் சத்துள்ள தட்டில் வைத்தால் வளர்ந்துவிடும். வைரஸ் அப்படி வளராது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். அதனால் கோழிமுட்டைக் கரு, எலி, குரங்கு என்று உயிர்களைத்தான் நம்பியிருந்தார்கள். எண்டர்ஸ் குழு மனிதச் செல்களைக் கண்ணாடிக் குழாயில் வைத்து, சத்துத் திரவத்தை அவ்வப்போது மாற்றி, பல நாள் உயிரோடு வைத்திருந்தது.

1948-ல் வெல்லர் தேடியது சின்னம்மை வைரஸை. அதற்காகத் தயார் செய்த குழாய்களில் சில மிச்சமிருந்தன. ஃப்ரீசரில் போலியோ வைரஸ் இருந்ததால் அதை அந்தக் குழாய்களில் விட்டுப் பார்த்தார்கள். போலியோ வளர்ந்துவிட்டது! நரம்புத் திசுவில்தான் அது வளரும் என்ற அதுவரையிலான நம்பிக்கை உடைந்தது. போலியோ தடுப்பூசிக்கு வழி பிறந்தது இங்கேதான்.

இதற்காக 1954-ல் நோபல் பரிசு. எண்டர்ஸ் தனியாக வாங்க விரும்பவில்லை. வெல்லருக்கும் ராபின்ஸுக்கும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மூவருக்கும் கிடைத்தது.

பாஸ்டனைக் குழப்பிய புதுத் தடிப்பு

1951-ல் பாஸ்டன் பகுதியில் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் சிவப்புத் தடிப்பும் பரவியது. தட்டம்மை மாதிரியும் இல்லை, ரூபெல்லா மாதிரியும் இல்லை. பலருக்குக் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் தடிப்பே வந்தது. பிராங்க்ளின் நேவாவும் எண்டர்ஸும் நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியைச் செல் குழாயில் வளர்த்து, அதுவரை தெரியாத ஒரு வைரஸைப் பிரித்தார்கள். இன்று அதன் பெயர் எக்கோ வைரஸ் 16.

சிவப்புப் புள்ளிகளுக்குப் பின்னால் எத்தனை வைரஸ்கள் ஒளிந்திருக்கலாம் என்பதை இது காட்டியது. அதுவரை தட்டம்மை என்று எழுதிய எத்தனை கேஸ் உண்மையிலேயே தட்டம்மை?

பள்ளி விடுதியில் கிடைத்த வைரஸ்

1954-ன் தொடக்கத்தில் பாஸ்டனுக்கு மேற்கே ஃபே என்ற உறைவிடப் பள்ளியில் தட்டம்மை பரவியது. எண்டர்ஸ் ஆய்வகத்தில் இருந்த இளம் டாக்டர் தாமஸ் பீபிள்ஸ் அங்கே போய், மாணவர்களின் ரத்தத்தையும் தொண்டை கொப்பளித்த நீரையும் சேகரித்தார். எட்மன்ஸ்டன் என்ற மாணவனின் ரத்தத்தை மனிதச் சிறுநீரகச் செல்கள் இருந்த குழாயில் விட்டபோது, சில நாளில் செல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்களாக மாறின.

வைரஸ் சிக்கிவிட்டது என்று உடனே அறிவித்திருக்கலாம். எண்டர்ஸ் அவசரப்படவில்லை. ஒரே நோயாளியிடம் இரண்டு முறை எடுத்த ரத்தத்தை ஒப்பிட்டார்கள். நோயின் தொடக்கத்தில் எடுத்த சீரம் அந்தச் செல் மாற்றத்தைத் தடுக்கவில்லை. குணமான பிறகு எடுத்த சீரம் தடுத்தது. அதாவது, இடைப்பட்ட நாட்களில் உடல் இந்த வைரஸுக்கு எதிராகவே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்திருக்கிறது. இதுதான் ஆதாரம்.

குழாய்க்குள்ளும் ஒரு 'டபுள் ஆக்ட்'

இந்த எச்சரிக்கை ஏன் தேவை என்பதும் சீக்கிரமே தெரிந்தது. எதையும் விடாமல் சும்மா வைத்திருந்த குரங்குச் சிறுநீரகச் செல்களிலும் கிட்டத்தட்ட அதே மாதிரி ராட்சத செல்கள் தோன்றின! குரங்கின் உடலில் ஏற்கெனவே இருந்த வேறொரு வைரஸின் வேலை அது. பின்னாளில் நுரை வைரஸ் என்று பெயர் வந்தது. தோலில் தடிப்பு ஒரே மாதிரி இருப்பது போலவே, மைக்ரோஸ்கோப்பிலும் இரண்டு வைரஸ்கள் ஒரே மாதிரி தெரிந்தன. பிரித்துக் காட்டியது சீரம் பரிசோதனைதான்.

தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதே, எதிர்ப்புப் புரதத்தை அளந்து பார் என்ற இந்த முறைதான் இன்றைய ரத்தப் பரிசோதனைகளின் அடித்தளம்.

தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்?

ரூபெல்லா சாதாரணமாக வந்துபோகும் காய்ச்சல்தான். ஆனா கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால், குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு ஏற்படலாம். இந்தத் தொடர்பை முதலில் கவனித்தவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், 1941-ல். கர்ப்பிணிக்கு வந்த தடிப்பு ரூபெல்லாவா இல்லையா என்பது அந்தக் குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் கேள்வி.

1962-ல் அந்த வைரஸும் பிடிபட்டது. ஒரு குழு அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வகத்தில். இன்னொருவர் எண்டர்ஸின் பழைய சகா வெல்லர். தன் சொந்த மகனுக்கு ரூபெல்லா வந்தபோது, அவனுடைய சிறுநீரிலிருந்தே வைரஸைப் பிரித்தார்.

வைரஸைப் பலவீனமாக்கிய பொறுமை

தட்டம்மை வைரஸ் கையில் கிடைத்ததும் தடுப்பூசி வேலை தொடங்கியது. எட்மன்ஸ்டன் ரகத்தை மனிதச் சிறுநீரகச் செல்களில் 24 முறையும், பனிக்குடச் செல்களில் 28 முறையும் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். பிறகு கோழிக் கருவுக்குப் பழக்கினார்கள். அந்த வைரஸைக் குரங்குக்குக் கொடுத்தபோது எதிர்ப்புப் புரதம் உருவானது, தடிப்பு வரவில்லை.

1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் தடுப்பூசி போட்ட பல குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்ததால், கூடவே காமா குளோபுலின் ஊசியும் போட வேண்டியிருந்தது. 1968-ல் மாரிஸ் ஹில்மேன் அதை இன்னும் பலவீனமாக்கி மேம்பட்ட ஊசியைக் கொண்டுவந்தார்.

எண்டர்ஸ் தன் வைரஸை யாருக்கும் மறைத்து வைக்கவில்லை. கேட்ட ஆய்வகங்களுக்குக் கொடுத்தார். தடுப்பூசிக்கான பாராட்டு தன் ஒருவர் பெயரில் மட்டும் வந்தபோது, இது கூட்டு முயற்சி என்று திருத்தினார். 1985 செப்டம்பர் 8-ம் தேதி, 88 வயதில் காலமானார்.

இன்று லேபில் என்ன நடக்கிறது?

தடிப்பும் காய்ச்சலும் உள்ளவரின் ரத்தத்தில் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று எலிசா முறையில் பார்க்கிறார்கள். புதுத் தொற்றில் முதலில் வருவது இதுதான். தட்டம்மைக்கு நெகட்டிவ் என்றால் ரூபெல்லாவுக்கும் சோதிக்கிறார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டும் இந்தச் சோதனைகளைச் செய்யும் ஆய்வகங்களில் ஒன்று.

இங்கே நாள் கணக்கு முக்கியம். தடிப்பு வந்த முதல் மூன்று நாளுக்குள் ரத்தம் எடுத்தால், தட்டம்மை இருந்தும் ஐஜிஎம் நெகட்டிவ் என்று வரலாம். ரூபெல்லாவிலும் இதே சிக்கல் உண்டு. அதனால் சில நாள் கழித்து மறுபடி ரத்தம் கேட்டால், முதல் ரிப்போர்ட் தப்பு என்று கோபப்பட வேண்டாம். அந்த ஆரம்ப நாட்களில் தொண்டை மாதிரியில் செய்யும் பிசிஆர் சோதனை வைரஸையே நேரடியாகக் காட்டிக்கொடுக்கும்.

சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளம் இருக்கும். அந்த நீரையோ பொருக்கையோ எடுத்து பிசிஆர் செய்தால் போதும். டெங்கு சந்தேகம் என்றால் முதல் ஐந்து நாளில் என்எஸ்1 சோதனை. ஆக, டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்: காய்ச்சல் எப்போது தொடங்கியது, தடிப்பு எந்தத் தேதியில் வந்தது? இரண்டையும் குறித்து வையுங்கள். தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி 9 முதல் 12 மாதத்தில் ஒரு டோஸ், 16 முதல் 24 மாதத்தில் இன்னொரு டோஸ் என அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. இங்கே தயாராகும் ஊசியில் இருக்கும் தட்டம்மை வைரஸ் ரகத்தின் பெயர் எட்மன்ஸ்டன்-ஜாக்ரெப். ஆமாம், 1954-ல் அந்தப் பள்ளி மாணவனின் ரத்தத்திலிருந்து எண்டர்ஸ் குழு பிரித்த அதே வைரஸின் வாரிசுதான்.