குருதியில் குலமில்லை: டாக்டர் சார்லஸ் ட்ரூவின் வாழ்க்கை

மனித உடலில் ஓடும் குருதி ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை. மேலோர், கீழோர் என்றும் பார்ப்பதில்லை. ஒருவரின் குருதி மற்றொருவருக்குப் பொருந்துமா என்பதை முடிவு செய்வது அதன் வகையேயன்றி அவர் பிறந்த குலமன்று. குருதியில் பல வகைகள் உண்டு என்பதை வியன்னா நகர அறிஞர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். அதற்கு நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், செல்வத்திலும் அறிவியலிலும் முன்னணியில் நின்ற அமெரிக்க நாட்டில், கறுப்பின மக்கள் மனமுவந்து அளித்த குருதி வேறாகப் பிரிக்கப்பட்டு, தனி அடையாளமிட்டு வைக்கப்பட்டது. அந்நாட்டில் குருதியைக் கெடாமல் சேமிக்கும் முறைகளை வகுத்தவர்களுள் தலைசிறந்தவரோ ஒரு கறுப்பினத்தவர். அவரே டாக்டர் சார்லஸ் ரிச்சர்டு ட்ரூ ஆவார்.

ஒதுக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, கல்வி ஒன்றையே துணையாகக் கொண்டு உயர்ந்து, தாம் உயர்ந்த படிகளில் பிறரையும் ஏற்றிவிட்ட அப்பெருமகனாரின் வாழ்க்கை நம் இளைஞர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் பள்ளிக் கல்வியும்

சார்லஸ் ட்ரூ 1904-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் நாள் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் பிறந்தார். தந்தை ரிச்சர்டு ட்ரூ வீடுகளிலும் அலுவலகங்களிலும் தரைக்கம்பளம் விரிக்கும் தொழிலாளி. தம் தொழிற்சங்கத்தின் நிதிச் செயலாளராகவும் விளங்கியவர். அச்சங்கத்தில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர். தாயார் நோரா ஆசிரியர் பயிற்சி பெற்றவர். ஐந்து குழந்தைகளுள் மூத்தவரான சார்லஸ் சிறு வயதிலேயே தெருக்களில் செய்தித்தாள் விற்றுப் பொருளீட்டினார். 1920-ஆம் ஆண்டில் அவருடைய தங்கை எல்சி நோயுற்று இறந்தாள். அத்துயரம் அவருடைய உள்ளத்தில் மருத்துவத் தொழிலின்பால் நாட்டத்தை விதைத்தது.

அவர் பயின்றது டன்பார் உயர்நிலைப் பள்ளி. அது கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளியாயினும் கல்வித் தரத்தில் எப்பள்ளிக்கும் குறைந்ததன்று. உயர்ந்த பட்டங்களைப் பெற்றிருந்தும் பல்கலைக்கழகங்களில் ஆசிரியப் பணி மறுக்கப்பட்ட கறுப்பின அறிஞர்கள் அப்பள்ளிக்கு வந்து கற்பித்தனர். வெளியுலகம் வேண்டாமென்று தள்ளிய அறிவெல்லாம் அப்பள்ளியின் வகுப்பறைகளில் வந்து குவிந்தது. ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கென நல்லதொரு பள்ளியைப் பேணினால் அதனால் விளையும் பயன் எத்தகையது என்பதற்கு ட்ரூ ஒரு சான்று.

1922-இல் பள்ளிப் படிப்பை முடித்த அவர், விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை பெற்று ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பயின்ற ஏறத்தாழ 600 மாணவருள் கறுப்பினத்தவர் 13 பேர் மட்டுமே. கால்பந்தாட்டத்திலும் ஓட்டப் பந்தயங்களிலும் அவர் புகழ் பெற்றார். ஆயினும் விளையாட்டு அவரைக் கட்டிப்போடவில்லை. 1926-இல் பட்டம் பெற்றபோது மருத்துவராக வேண்டும் என்ற உறுதி அவரிடம் இருந்தது. அதற்கு வேண்டிய பணந்தான் இல்லை.

தடைகளைத் தாண்டிய மருத்துவக் கல்வி

பொருள் சேர்க்கும் பொருட்டுப் பால்டிமோர் நகரிலுள்ள மார்கன் கல்லூரியில் ஈராண்டுகள் அறிவியல் கற்பித்தும் விளையாட்டுப் பயிற்சி அளித்தும் பணியாற்றினார். பின்னர் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார். கறுப்பின மக்களின் உயர்கல்விக்கெனத் தோன்றிய ஹோவர்டு பல்கலைக்கழகம், அவர் ஆங்கிலப் பாடத்தைப் போதிய அளவு பயிலவில்லை என்று கூறி இடமளிக்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகமோ அடுத்த ஆண்டு வருமாறு கூறியது. மேலும் ஓராண்டைக் கழிக்க விரும்பாத ட்ரூ, 1928-இல் நாட்டெல்லையைக் கடந்து கனடாவின் மாண்ட்ரீல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு கதவு அடைபட்டால் மறு கதவைத் தேடிச் செல்வது அவருடைய இயல்பு.

மாண்ட்ரீலில் அவர் பட்ட பணமுடை சிறிதன்று. கறுப்பின மாணவர் கல்விக்கு உதவிய ரோசன்வால்டு நிதியத்தின் உதவித்தொகை அவருக்குக் கைகொடுத்தது. 1933-இல், 137 பேர் கொண்ட வகுப்பில் இரண்டாம் இடம் பெற்றுத் தேறினார். அங்கே உடற்கூற்றியல் கற்பித்த ஜான் பீட்டி என்னும் ஆங்கிலேய ஆசிரியர் அவருக்கு உற்ற நண்பருமானார். விபத்தினாலும் குருதி இழப்பினாலும் ஏற்படும் உடல் அதிர்ச்சியைப் பற்றியும், அதற்கு மருந்தாகக் குருதி செலுத்துவதைப் பற்றியும் ட்ரூவுக்கு ஆர்வத்தை ஊட்டியவர் அவரே.

பயிற்சி முடிந்தபின் தாய்நாட்டின் பெரிய மருத்துவமனை எதிலேனும் உயர்பயிற்சி பெற ட்ரூ விரும்பினார். அக்காலத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவமனைகளில் கறுப்பின மருத்துவர்க்கு இடமில்லை. வெள்ளை நோயாளியைக் கறுப்பு மருத்துவர் தொட்டுப் பார்ப்பதா என்ற எண்ணமே அதற்குக் காரணம். தொட்டால் தீட்டு என்னும் கொடுமை கடலுக்கு அப்பாலும் வேறு பெயரில் வாழ்ந்தது. 1935-இல் தந்தையும் காலமாகவே, ட்ரூ வாஷிங்டன் திரும்பி ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அதனோடு இணைந்திருந்த ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனை, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்காக 1862-இல் தொடங்கப்பெற்றதாகும்.

குருதி ஆராய்ச்சி

1938-இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியால் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சென்றார். பிரஸ்பிட்டீரியன் மருத்துவமனையில் பயின்ற மற்ற இளம் மருத்துவர்களைப் போல நோயாளிகளோடு பழக அவருக்குத் தொடக்கத்தில் வாய்ப்புத் தரப்படவில்லை. டாக்டர் ஜான் ஸ்கடர் என்பவரின் ஆய்வுக்கூடத்திற்கு அவர் அனுப்பப்பட்டார். ஒதுக்குவதற்காகக் காட்டப்பட்ட அந்த இடத்தையே அவர் தம் அரங்கமாக்கிக்கொண்டார்.

அந்நாளில் குருதி செலுத்துவது எத்துணை இடர்ப்பாடு மிக்கது என்பதை இன்றைய இளைஞர் எண்ணிப் பார்ப்பது கடினம். நோயாளிக்குக் குருதி வேண்டுமெனில் பொருத்தமான வகையுடைய ஒருவரை அந்நேரத்தில் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவர வேண்டும். ஆள் கிடைப்பதற்குள் உயிர் போய்விடுவதும் உண்டு. முன்கூட்டியே எடுத்து வைக்கலாமெனில், குளிரூட்டி வைத்தாலும் சில நாட்களுக்குள் குருதி கெடத் தொடங்கிவிடும்.

குருதியில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று உயிரணுக்கள்; மற்றொன்று அவ்வணுக்கள் மிதந்து செல்லும் மஞ்சள் நிற நீர்ப்பகுதி. இதனைப் பிளாஸ்மா என்பர். விரைவில் சிதைவன செவ்வணுக்களே. அவற்றை நீக்கிவிட்டால் பிளாஸ்மாவை நெடுநாள் காக்கலாம். பலருடைய பிளாஸ்மாவை ஒன்றுகலந்தால் வகை பார்க்காமலே எவருக்கும் செலுத்தலாம். குருதி பெருகி வெளியேறியதால் அதிர்ச்சியுற்றுக் கிடப்பவரின் உயிரை அது தாங்கி நிறுத்தும்.

ட்ரூ குருதி உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்துகள், அவற்றின் அளவு, புட்டியின் வடிவம், குளிர்நிலை என ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தார். 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஸ்கடரும் அவரும் சோதனை முறையில் ஓர் இரத்த வங்கியை அம்மருத்துவமனையில் தொடங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் ட்ரூ, கல்லூரி ஆசிரியை லெனோர் ராபின்ஸ் அம்மையாரை மணந்தார். முதல் மகளைப் பீபீ என்று அழைத்தனர். அது ஆங்கிலத்தில் இரத்த வங்கி என்பதன் முதலெழுத்துகள். 1940-இல், சேமித்த குருதியைப் பற்றிய தம் ஆய்வேட்டிற்காக மருத்துவ அறிவியல் டாக்டர் பட்டம் பெற்றார். கொலம்பியாவில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

இரத்த வங்கியையே கண்டுபிடித்தவர் ட்ரூ என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. சோவியத் நாட்டிலும் ஸ்பெயினிலும் அவருக்கு முன்பே அம்முயற்சி நடைபெற்றது. சிகாகோ மருத்துவமனை ஒன்றில் 1937-லேயே இரத்த வங்கி அமைந்திருந்தது. சிதறிக் கிடந்த அறிவையெல்லாம் திரட்டி, சோதித்து, பல்லாயிரம் மக்களுக்குப் பயன்படுமாறு ஒழுங்குபட நடத்திக் காட்டியதே ட்ரூவின் பெருமை. அப்பெருமை அவருக்குப் போதும். இல்லாததைச் சேர்த்துச் சொல்ல வேண்டுவதில்லை.

போர்க்காலப் பணி

1940-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் நகரங்களின்மீது குண்டுமாரி பொழிந்தன. காயமுற்றோரைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிளாஸ்மாவை அனுப்பும் திட்டம் ஆகஸ்டில் தொடங்கியது. அதன் மருத்துவப் பொறுப்பை ஏற்க ட்ரூ அழைக்கப்பட்டார். பல மருத்துவமனைகளில் பலவிதமாக எடுக்கப்படும் குருதியில் ஒரு புட்டியில் கிருமி புகுந்தாலும், அதனோடு கலந்தவை யாவும் நஞ்சாகிவிடும். ஆதலால் எங்கும் ஒரே முறையைக் கையாள வேண்டுமென விதி வகுத்தார். கிருமிச் சோதனைகளைக் கடுமையாக்கினார். 1941 ஜனவரியில் திட்டம் முடிவதற்குள் 14,556 பேர் அளித்த குருதி சேகரிக்கப்பட்டது. 5,000 லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்மா உப்புநீர்க் கரைசல் கடல் கடந்து சென்றது. அடுத்து, பிளாஸ்மாவைப் பொடியாக உலர்த்திப் பேரளவில் தயாரிக்கும் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடித் திட்டத்திலும் அவர் துணை இயக்குநராகப் பணிபுரிந்தார். குருதி கொடுப்போரை நாடிச் செல்லும் ஊர்திகளும் அப்போது இயங்கின.

தனிப் புட்டியில் வைத்த குருதி

1941-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் படைகளுக்கென நாடெங்கும் குருதி திரட்டப்பட்டபோது, கறுப்பின மக்களின் குருதி வேண்டாமென்று முடிவு செய்யப்பட்டது. எதிர்ப்பு எழவே, 1942 ஜனவரியில், பெற்றுக்கொள்வோம், ஆனால் வெள்ளையரின் குருதியோடு சேர்க்காமல் தனியே வைப்போம் என்று விதி மாற்றப்பட்டது. நாட்டுக்காகப் போர்முனையில் குருதி சிந்தத் தகுதியுடையவர், மருத்துவமனைப் புட்டியில் அதை நிரப்பத் தகுதியற்றவராயினர்!

இக்கொள்கையை எதிர்த்தே ட்ரூ பதவி துறந்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. உண்மையில், அவர் 1941 ஏப்ரலிலேயே, கொள்கை வெளியாவதற்குப் பல மாதங்கள் முன்னர், ஹோவர்டுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அவர் வாளாவிருக்கவில்லை. நிறத்தால் குருதி வேறுபடுவதற்கு அறிவியலில் யாதொரு சான்றும் இல்லை என்பதை மேடைகளிலும் கட்டுரைகளிலும் எடுத்துரைத்தார். கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் 1944-இல் அவருக்கு ஸ்பிங்கார்ன் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

ஆசிரியப் பணியே அருந்தொண்டு

1941 அக்டோபரில் ஹோவர்டின் அறுவை மருத்துவத் துறைத் தலைவராகவும், ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகவும் அவர் பொறுப்பேற்றார். புகழ் தந்த குருதி ஆராய்ச்சியை விட்டு, பணம் குறைந்த கற்பிக்கும் தொழிலை அவர் ஏன் தேர்ந்தார்? தாம் ஒருவர் உயர்ந்ததால் சமுதாயம் உயர்ந்துவிடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். திறமையில் எவர்க்கும் பின்வாங்காத அறுவை மருத்துவர் பலரை உருவாக்கி நாடெங்கும் அனுப்பினால், அடைத்த கதவுகள் தாமே திறக்கும் என்று நம்பினார்.

அவ்வாறே நடந்தது. 1941 முதல் 1950 வரை அமெரிக்க அறுவை மருத்துவக் குழுவின் சான்று பெற்ற கறுப்பின மருத்துவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றவர்கள். மாணவர்க்கு இடம் தேடி மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதுவதிலும் அவர் சளைக்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தில் சேர வேண்டுமெனில் உள்ளூர்ச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். உள்ளூர்ச் சங்கங்கள் பலவோ கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. இச்சூழ்ச்சியைக் கண்டித்து 1947-இல் அவர் அச்சங்கத்தின் இதழாசிரியர்க்கு எழுதினார். அவருடைய வாழ்நாளில் அந்தக் கதவு அவருக்குத் திறக்கவேயில்லை.

இறுதிப் பயணம்

அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகியில் ஆண்டுதோறும் நடைபெற்ற இலவச மருத்துவ முகாமில் பங்குகொள்வது அவருடைய வழக்கம். 1950-இல் அம்முகாமிற்காக மூன்று மருத்துவர்களோடு காரில் இரவெல்லாம் பயணம் செய்தார். நாள் முழுதும் உழைத்த களைப்பு நீங்காத நிலையில் தாமே வண்டியை ஓட்டினார். ஏப்ரல் 1-ஆம் நாள் காலை, வட கரோலினாவின் பர்லிங்டன் நகருக்கு அருகில் கண்ணயர்ந்தார். வண்டி கவிழ்ந்தது. மற்ற மூவரும் உயிர் பிழைத்தனர். அவர் மருத்துவமனையில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 45.

கறுப்பினத்தவர் என்பதால் அவருக்குக் குருதி மறுக்கப்பட்டது என்றும், குருதியைச் சேமிக்கக் கற்பித்தவர் குருதியின்றி மாண்டார் என்றும் ஒரு கதை உலகெங்கும் பரவியது. அது உண்மையன்று. அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காக்க முயன்றனர் என்பதற்கு, உடன் பயணம் செய்த கறுப்பின மருத்துவரே சான்று பகர்ந்தார். மார்பில் ஏற்பட்ட காயங்கள் எம்மருத்துவத்திற்கும் அடங்காதவை. எனினும் அக்கதையை மக்கள் ஏன் நம்பினர்? நிறத்தின் பெயரால் மருத்துவமனை வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டு மாண்டவர்கள் உண்மையிலேயே இருந்தனர். அதே ஆண்டின் இறுதியில், அதே வட்டாரத்தில், விபத்தில் அடிபட்ட கறுப்பின மாணவர் ஒருவர், கறுப்பினத்தவர்க்கு ஒதுக்கிய படுக்கைகள் நிரம்பிவிட்டன என்று பெரிய மருத்துவமனை ஒன்றால் திருப்பி அனுப்பப்பட்டு உயிரிழந்தார். பெயரறியாத பலருடைய துயரம் பெயர் பெற்ற ஒருவர்மீது வந்து படிந்தது.

நமக்குரிய பாடம்

குருதியை நிறத்தால் பிரிக்கும் வழக்கத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் 1950-இல் கைவிட்டது. உயிருடன் இருந்தபோது அவரை ஏற்காத அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, 1951-இல் மறைந்தவருக்கு உறுப்பினர் சிறப்பளித்தது. 1966-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் பெயரால் மருத்துவக் கல்வி நிறுவனம் தோன்றியது. 1981-இல் அமெரிக்க அரசு அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலை வெளியிட்டது.

இச்சிறப்புகள் யாவும் காலந்தாழ்ந்து வந்தவை. அவற்றுக்காக அவர் காத்திருக்கவில்லை. பிறப்பால் இழிவு கற்பிப்போர்க்கு அவர் தந்த விடை இரு பகுதிகளைக் கொண்டது: ஒன்று, எவராலும் மறுக்க முடியாத அறிவு, மற்றொன்று, அவ்வறிவைத் தமக்குப் பின் வருவோர்க்கு வாரி வழங்கிய கொடை. கம்பளத் தொழிலாளியின் மகனுக்கு நல்ல பள்ளியொன்று வாய்த்தது. தக்க வேளையில் உதவித்தொகை கிடைத்தது. அவர் அக்கடனை நூறு மடங்காகத் திருப்பித் தந்தார். நம் கல்விக் கழகத்தின் உதவியால் படித்து உயரும் ஒவ்வோர் இளைஞரும், தமக்குப் பின் நிற்கும் ஒரு பிள்ளையையேனும் கைதூக்கிவிட உறுதி பூணுவராயின், அதுவே டாக்டர் ட்ரூவுக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.