ஐடா ஸ்கட்டர்: புதைத்து வைக்காத தாலந்து

நம்ம தர்மபுரிப் பக்கம் யாருக்காவது பெரிய வியாதின்னா, வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா என்ற பேச்சு வரும். நீங்களும் கேட்டிருப்பீங்க. வேலூர்னா சி.எம்.சி. அதை ஆரம்பித்தவருக்கு முதலில் டாக்டராகும் எண்ணமே கிடையாது, தெரியுமா?

ஐடா ஸ்கட்டர் 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா 1819ல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர். அப்பாவும் அதே வேலைதான். ஐடாவோ அமெரிக்காவிலேயே செட்டில் ஆகிவிட நினைத்தார். (நம்ம கிளாஸில் பாதிப் பேரோட பிளானும் அதுதானே!)

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு சாதி இந்து. மூவரின் மனைவிகளுக்கும் பிரசவ வலி. வீட்டில் அப்பா டாக்டராக இருந்தும், ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

பைபிளில் தாலந்து உவமை ஒன்று உண்டு. எஜமான் கொடுத்த பணத்தை ஒருவன் மண்ணில் புதைத்து வைத்து, அப்படியே திருப்பித் தந்து திட்டு வாங்குவான். சண்டே ஸ்கூலில் கேட்டபோது எனக்கு அவன்மேல் பாவமாத்தான் இருந்தது. தொலைக்கலையே, பத்திரமாத்தானே வச்சிருந்தான்! ஐடாவின் கதையைப் படித்த பிறகுதான் அந்தத் திட்டு புரிந்தது.

அவர் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1899ல் டாக்டரானார். நியூயார்க் வங்கியாளர் ஷெல், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900ல் ஐடா இந்தியா திரும்பினார். சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். 1902ல் வேலூரில் 40 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது.

இதோடு நிறுத்தியிருந்தாலே நல்ல டாக்டர் என்று பெயர் வாங்கியிருப்பார். ஆனால் ஒரு டாக்டரால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? அதனால் தன் கையில் இருந்த வித்தையை மற்ற பெண்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். 1909ல் நர்சிங் பள்ளி, 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பேர் சேர்ந்தாலே அதிகம் என்றார்கள். வந்த விண்ணப்பங்கள் 151.

1938ல் புதுச் சிக்கல். எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தாவிட்டால் பள்ளி நடக்காது என்ற நிலை. எழுபது வயதில் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942ல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947ல் ஆண்களையும் சேர்த்தார்கள். 1960 மே மாதம், 89 வயதில், கொடைக்கானலில் இறந்தார்.