தங்க மலரால் காக்க முடியாத அரியணை

மாணவர்களே, 1786-இல் பினாங்குத் தீவு பிரான்சிஸ் லைட்டின் கைக்குப் போனதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சயாம் தாக்கினால் கம்பெனிப் படை துணைக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் கெடா சுல்தான் அப்துல்லா தீவை விட்டுக்கொடுத்தார். 1791 உடன்படிக்கையில் அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் மட்டுமே. படை உதவிக்கு உறுதி இல்லை. அதன் விளைவை அனுபவித்தவர் அவருடைய மகன் சுல்தான் அகமது தாஜுதீன் ஹலீம் ஷா.

கெடா மூன்றாண்டுக்கு ஒருமுறை சயாமுக்குப் ‘புங்கா மாஸ்’ அனுப்பி வந்தது. பொன்னிலும் வெள்ளியிலும் செய்த சிறு மரங்கள் அவை. மலாய் அரசர்கள் அதை நட்புப் பரிசாகக் கருதினர். சயாமோ பணிவின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. செலவு குடிமக்கள் தலையில் விழுந்தது. கிளந்தானில் இதற்கென்றே தலைவரி வசூலித்தார்கள்.

பொன்னோடு நிற்கவில்லை சயாம். 1818-இல் அதன் கட்டளைப்படி, விருப்பமின்றியே, அகமது தாஜுதீன் அண்டை நாடான பேராக்கின் மீது படையெடுத்தார். பின்னர் பர்மாவோடு இரகசிய உறவு வைத்திருப்பதாக அவர்மீதே பழி விழுந்தது. பாங்காக்குக்கு வருமாறு வந்த அழைப்பை அவர் ஏற்கவில்லை. 1821 நவம்பரில் லிகோர் அரசரின் படை கெடாவைக் கைப்பற்றியது. சுல்தான் பினாங்கில் தஞ்சம் புகுந்தார். ஆயிரக்கணக்கான கெடா மக்களும் செபராங் பிறைக்கும் பினாங்குக்கும் ஓடிவந்தனர்.

கம்பெனி அவரைச் சயாமிடம் ஒப்படைக்கவில்லை. அவருக்காகப் போரிடவும் இல்லை. 1826-இன் பெர்னி உடன்படிக்கையில், அவரைப் பினாங்கில் தங்கவிடமாட்டோம் என்றும் ஒப்புக்கொண்டது. 1831-இல் அவர் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டிலும் 1838-இலும் உறவினர்கள் கெடாவை மீட்கக் கிளர்ந்தபோது, பிரிட்டிஷ் கப்பல்கள் கெடா கடற்கரையை முற்றுகையிட்டுச் சயாமுக்கே உதவின.

1842-இல் அவர் மீண்டும் அரியணை ஏறினார். ஆனால் நாடு சுருங்கியிருந்தது. பெர்லிஸ் தனி நாடாகியிருந்தது. புங்கா மாஸ் அனுப்பும் கடமை மட்டும் குறையவில்லை. 1909-இல் சயாம் தன் உரிமைகளைப் பிரிட்டனுக்கு மாற்றிய பிறகே அது ஓய்ந்தது.

இங்கிலாந்து மன்னர் எத்தல்ரெட்டும் இதே பாடத்தைக் கற்றவர். வைக்கிங் கொள்ளையருக்கு 991-இல் 10,000 பவுண்டு கொடுத்தார். 1012-க்குள் தொகை 48,000 ஆனது. அடுத்த ஆண்டே அரியணை பறிபோனது.

கப்பம் கொஞ்ச காலத்தை வாங்கித் தரும். அந்த இடைவெளியில் சொந்த வலிமையை வளர்த்துக்கொள்ளாத நாட்டுக்கு, பிறர் தரும் வாக்குறுதி அரணாகாது. மாணவர்களே, சுல்தானின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?