பறவைகளின் தோழர் சாலிம் அலி

பெரம்பூரில் வாழ்வோர் விடுமுறை நாளொன்றில் பழவேற்காட்டு ஏரிக்கு உலாப் போய் வருதல் அரிதன்று. பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, திருவொற்றியூர், எண்ணூர் வழியே பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் ஏறினால் ஏரிக்கரையை அடைந்துவிடலாம். பனிக்காலத்தில் அவ்வுப்பங்கழியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் நின்று இரைதேடும் காட்சி கண்ணுக்கு விருந்தாம். 1980-ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்ட அவ்விடத்திற்குச் செல்வார் கையில் இன்று தூரதிருஷ்டிக் கண்ணாடிதான் இருக்கும். நூறாண்டுகட்கு முன்போ, செல்வரும் துரைமாரும் நீர்நிலையை நாடி உல்லாசப் பயணம் போவதெனின், துப்பாக்கி கொண்டு வாத்துகளைச் சுட்டு வீழ்த்துதற்கே. இவ்வழக்கம் நம் நாட்டில் மாறுதற்குப் பெரிதும் உழைத்தவர் சாலிம் அலி. அவருடைய பறவை நேசமும் ஒரு துப்பாக்கியிலேயே தொடங்கியது.

அவர் 1896-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் நாள் பம்பாயிற் பிறந்தார். பச்சிளம் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்து, மாமனார் அமிருத்தீன் தையப்ஜி வீட்டில் வளர்ந்தார். சிறுவனாயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியாற் குருவியொன்றைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு ஐயுற்று மாமனாரிடம் காட்ட, அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் காரியதரிசி மில்லார்டு துரையிடம் அனுப்பி வைத்தார். துரை அதன் இனத்தை விளக்கியதோடு, சங்கத்திற் பாடம்பண்ணி வைத்திருந்த எண்ணற்ற பறவைகளையும் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். பிள்ளையை விரட்டாது உபசரித்த அவ்வொரு நாளின் பயனை நாடு பின்னர்ப் பெற்றது.

கல்லூரிப் படிப்பை இடையில் விடுத்துப் பர்மா சென்று குடும்ப வாணிகத்தைக் கவனித்தார், அது பலிக்கவில்லை. பம்பாய் மீண்டபின், தூய சவேரியார் கல்லூரியிலிருந்த பிளாட்டர் பாதிரியார் அவரை உயிரியல் பயிலத் தூண்டினார். நம்முடையது போன்ற ஒரு மிஷன் கல்லூரிக்கு இப்பெருமையில் பங்குண்டு என்று சொல்லிக்கொள்ளல் குற்றமாகாது. ஆயினும் பல்கலைக்கழகப் பட்டமின்மையால், நாடிய உத்தியோகம் கிட்டாது போயிற்று. பெர்லின் சென்று ஸ்ட்ரெஸ்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்று 1930-இல் திரும்பியபோது, பம்பாய்க் காட்சிச்சாலையில் தாம் வகித்திருந்த வேலையும் எடுபட்டிருந்தது. கையிற் பணமில்லை. மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரிற் குடியேறினார். அங்கே தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் அமர்ந்து நோக்கி எழுதிய ஆராய்ச்சியே அவர்க்குப் புகழ் தந்தது. வேலை போனதும் நன்றே! பின்னர் ஐதராபாத்து, திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய்ந்தபோது அவ்வம்மையார் உடன்சென்று துணைபுரிந்தார். 1939-இல் அவர் இறந்தது சாலிம் அலிக்குப் பேரிடியாயிற்று.

1941-இல் அவரியற்றிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. சிறையிலிருந்த நேரு அதனைத் தம் மகள் இந்திராவுக்கு அனுப்பினார். இத்தொடர்பு பின்னர்ப் பரத்பூர் ஏரிக்கு உயிர் தந்தது. அவ்வேரி அரசர்களின் வேட்டைக்களம். 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ பிரபுவின் குழுவினர் அங்கே 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர்; கல்வெட்டில் இன்றும் அத்தொகை காணலாம். அந்நாள் சாலிம் அலியின் பிறந்தநாள் என்பது நினைக்கத்தக்கது. விடுதலைக்குப்பின், ஏரியை வடித்து நிலத்தை உழவர்க்குப் பங்கிடவேண்டும் என்னும் கிளர்ச்சி எழுந்தது. சாலிம் அலி நேருவிடம் முறையிட்டார், ஏரி பிழைத்தது.

இனி ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. எருமைகள் மேய்வதால் அந்நீர்நிலைக்குக் கேடு வரும் என்று அவர் கருதினார். 1982-இல் அது தேசியப் பூங்காவானபோது மேய்ச்சல் தடுக்கப்பட்டது. சுற்றுப்புற ஊரார் எதிர்த்தனர். போலீசார் சுட்டதிற் சிலர் மாண்டனர். பறவைகளுக்காகத் துப்பாக்கி ஓய்ந்த இடத்தில் ஏழை மாந்தர் மீது அது வெடித்தது. பின்னர்ப் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைக்க, எருமைகளே அதனை மட்டுப்படுத்தி வந்தன என்பது விளங்கிற்று. அதனைக் கண்டு வெளியிட்டவர் அவருடைய சங்கத்து ஆராய்ச்சியாளரே. சான்றோர் கருத்தும் சோதனைக்கு அப்பாற்பட்டதன்று. ஆயினும் ஆடுமாடு மேய்த்துப் பிழைப்போரை முதலிற் கேட்டிருந்தால் உயிர்கள் தப்பியிருக்குமோ என்னும் எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

நம் தமிழகத்துக் கோடியக்கரையின் சிறப்பையும் 1962-இல் எடுத்துக் காட்டியவர் அவரே. ஐந்தாண்டில் அது சரணாலயமாயிற்று. வலசை வரும் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழியை அறியும் பணியை அவருடைய சங்கத்தார் அங்கே பல்லாண்டு நடத்தினர். மோட்டார் சைக்கிளில் அவர்க்கிருந்த மோகமும் சொல்லத்தக்கது: 1950-இல் சுவீடன் நாட்டில் நடந்த பறவையியல் மாநாட்டிற்குத் தம் வண்டியையும் உடன்கொண்டு சென்றார்.

1985-இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரிட்டார். நம்மவர்க்கு அப்பெயர் மத்தேயு சுவிசேஷத்துக் குருவிகளை நினைப்பூட்டும். அவர்க்கோ, அது தாம் சிறுவனாய்ச் சுட்ட மஞ்சட் கழுத்துக் குருவி. 1987-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், தொண்ணூறு வயது நிரம்பியவராய்ப் பம்பாயிற் காலமானார்.