யார் இந்த அம்ரிதா ஷெர்கில்? போடி மலைச்சாலையில் ஏன் அவர் நினைவுக்கு வருகிறார்?

காலையில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறியவர்களுக்கு இது பழகிய காட்சி. 17 கொண்டை ஊசி வளைவுகள். முன்னாலும் பின்னாலும் ஜீப்கள். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், மடியில் தூக்குவாளி. மாநில எல்லையைத் தாண்டி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் இதே வழியில் திரும்பிவிடுவார்கள்.

இந்தப் பெண்களை நாம் படங்களில் எப்படிப் பார்த்திருக்கிறோம்? ஒன்று, பச்சைப் பசேல் பின்னணியில் பளிச்சென்று சிரிக்கும் விளம்பர முகம். இல்லையென்றால் கண் கலங்கி நிற்கும் செய்திப் படம். ஜீப்பில் தூங்கி வழிகிறவர், பக்கத்து சீட்டுக்காரரோடு வம்பளக்கிறவர், எதையோ யோசித்தபடி வெளியே பார்க்கிறவர்... இவர்களெல்லாம் படத்துக்குள் வருவதே இல்லை.

கிட்டத்தட்ட 90 வருஷத்துக்கு முன்பு இதே பிரச்சினையோடு தூரிகையால் மல்லுக்கட்டியவர் ஒருவர் இருந்தார். பெயர் அம்ரிதா ஷெர்கில். அவர் போடிக்காரர் இல்லை, தமிழரும் இல்லை. ஆனால் அவருடைய மிக முக்கியமான மூன்று ஓவியங்களுக்குப் பின்னால் ஒரு தென்னிந்தியப் பயணம் இருக்கிறது.

எந்த ஊர்ப் பெண்?

இந்தக் கேள்விக்கு அம்ரிதாவின் வாழ்க்கையில் ஒற்றை வரியில் பதில் கிடையாது.

1913 ஜனவரி 30 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். அப்பா உம்ராவ் சிங் ஷெர்கில், பஞ்சாபின் வசதியான சீக்கியக் குடும்பம். சமஸ்கிருதம், பாரசீகம் படித்தவர், கேமரா பைத்தியம். அம்மா மரி அந்துவானெத், ஹங்கேரிய ஓபரா பாடகி. முதல் உலகப் போர் காரணமாகக் குடும்பம் ஐரோப்பாவிலேயே தங்க நேர்ந்தது. 1921-ல்தான் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறினார்கள்.

1929-ல் ஓவியம் படிக்கப் பாரிஸ். அங்கே 1932-ல் வரைந்த ‘இளம் பெண்கள்’ ஓவியத்துக்கு அடுத்த வருஷமே கிராண்ட் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம். அப்போது அம்ரிதாவுக்கு வயது 20.

ஆனால் பாரிஸில் அவர் ‘இந்தியாவிலிருந்து வந்த அழகி’. சிம்லாவுக்குத் திரும்பினால் ‘ஐரோப்பாவிலிருந்து வந்த மேம்சாஹிப்’. இரண்டு ஊரிலும் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே முத்திரை ரெடி.

தாஹிதிப் பெண்ணாக நின்றது ஏன்?

இந்த இடத்தில்தான் 1934-ல் அவர் வரைந்த ‘தாஹிதிப் பெண்ணாக ஒரு சுய ஓவியம்’ முக்கியமாகிறது.

கொஞ்சம் பின்கதை. பால் கோகன் என்ற பிரெஞ்சு ஓவியர் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பசிபிக் கடலில் உள்ள தாஹிதித் தீவுக்குப் போனார். அங்கிருந்த பழுப்பு நிறப் பெண்களை மேலாடை இல்லாமல் வரைந்த படங்கள் ஐரோப்பாவில் பெரிய புகழ் பெற்றன. தூர தேசத்துப் பெண் என்றால் வெகுளி, எப்போதும் கிடைக்கக்கூடிய உடல் என்ற கற்பனையை அந்தப் படங்கள் இன்னும் கெட்டிப்படுத்தின.

அம்ரிதா என்ன செய்தார்? அந்தப் பெண்ணின் இடத்தில் தன்னையே நிறுத்திக்கொண்டார். அவர் தாஹிதிக்குப் போனதே கிடையாது. படத்தில் மேலாடை இல்லை. ஆனால் குழைவும் இல்லை, அழைப்பும் இல்லை. இறுகிய முகம், நம்மைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கும் கண்கள். பின்னால் ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது.

யார் அந்த ஆண் என்று பலரும் பலவிதமாக விளக்கம் சொல்கிறார்கள். அதை விடுங்க. கோகன் படங்களில் வரைபவர் ஐரோப்பிய ஆண், வரையப்படுபவர் ஆசிய-பசிபிக் பெண். இங்கே வரைந்தவரும் அந்தப் பெண்தான். இனம், பால் இரண்டையும் வைத்துத் தன்மீது போடப்பட்ட வேஷத்தை அவரே எடுத்து மாட்டிக்கொண்டு, அது எவ்வளவு பொருந்தாமல் இருக்கிறது என்று காட்டிவிட்டார்.

தெற்குப் பயணம் என்ன மாற்றியது?

1934 கடைசியில் இந்தியா திரும்பினார். அன்றைக்கு ஓவியங்களில் இருந்த இந்தியா பெரும்பாலும் இரண்டு வகை. வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்த வெயிலும் வண்ணமுமான சுற்றுலா இந்தியா ஒன்று. புராணத்தில் தோய்ந்த மென்மையான இந்தியா இன்னொன்று. இரண்டிலுமே அம்ரிதாவுக்கு நம்பிக்கை இல்லை. 1935-ல் ‘மூன்று பெண்கள்’ வரைந்தார். தங்களுக்காக யாரோ முடிவு செய்துவிட்ட எதிர்காலத்துக்குக் காத்திருப்பதுபோல மூன்று பேர் மௌனமாக இருக்கும் படம். 1937-ல் பம்பாய் கலைக் கழகத்தின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது.

இதற்கிடையே, 1936 இறுதியில் அஜந்தா, எல்லோராவைப் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்கினார். திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி என்று பயணம் நீண்டது. கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்கள் அவரை அசத்திவிட்டன.

சிம்லா திரும்பிய பிறகு 1937-ல் வரைந்தவைதான் ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தினர்’. இவற்றைத் தென்னிந்திய மூவோவியம் என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது நிறம். சந்தைக்குப் போகிறவர்களின் கருமையை அவர் மறைக்கவோ, வெளுப்பாக்கவோ இல்லை. அஜந்தா சுவரில் தேவர்களுக்கும் அரசர்களுக்கும் கிடைத்த கம்பீரத்தைச் சாதாரண கிராமத்தினருக்குக் கொடுத்தார். ‘மணப்பெண் அலங்காரம்’ படத்திலோ நடுவில் வெளிர் நிறத்தில் மணப்பெண், சுற்றிலும் கருத்த பெண்கள். கல்யாணச் சந்தையில் நிறத்துக்கு இருக்கும் மவுசை வரன் விளம்பரம் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்த வித்தியாசத்தை அவர் படத்தின் மையத்திலேயே வைத்துவிட்டார்.

எல்லாம் சரியாகத்தான் செய்தாரா?

இல்லை. வசதியான வீட்டுப் பெண், ஏழைகளின் சோகத்தை வரைந்து பெயர் வாங்கினார் என்ற விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. அவருடைய ஆரம்பகால இந்தியப் படங்களில் எல்லோருமே சோகமாகத்தான் இருக்கிறார்கள். எப்போதும் சோகம் என்பதும் ஒரு முத்திரைதானே?

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1938-ல் மருத்துவரும் உறவினருமான விக்டர் ஏகனை ஹங்கேரியில் மணந்தார். இந்தியா வந்து கோரக்பூர் அருகே சராயாவில் குடும்பத்துக்குச் சொந்தமான எஸ்டேட்டில் வாழ்ந்தார். வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் நாளைப் பக்கத்தில் இருந்து பார்த்தது அங்கேதான். 1940-ல் வந்த ‘கயிற்றுக் கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்’ படத்தில் பரிதாபம் இல்லை. சலிப்பும் ஏக்கமும் சொந்த ஆசையும் உள்ள ஒரு பெண் சிவப்பு உடையில் படுத்திருக்கிறார், அவ்வளவுதான். பரிதாபப்படுவதிலிருந்து ஆளைப் பார்ப்பதற்கு அம்ரிதா வந்து சேர்ந்த தூரம் அது.

28 வயதில் முடிந்த பயணம்

1941-ல் லாகூருக்குக் குடிபெயர்ந்தார். கண்காட்சி ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது திடீரென்று உடல்நிலை மோசமாகி, டிசம்பர் 5 அன்று இறந்தார். வயது 28.

இன்று அவருடைய ஓவியங்கள் தேசியக் கலைச் செல்வங்கள். நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. பெரிய தொகுப்பு டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ‘கதைசொல்லி’ ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனபோது, அதுவரை எந்த இந்திய ஓவியத்துக்கும் கிடைக்காத விலை அது. உயிரோடு இருந்தபோது படங்களை விற்க அவர் நிறையவே திண்டாடியிருக்கிறார்.

அடுத்த தடவை போடிமெட்டில் வண்டியை நிறுத்தி வியூ பாயின்ட்டில் போன் எடுக்கும்போது, எதிரே ஒரு தோட்டத்து ஜீப் வரலாம். படம் எடுப்பதற்கு முன் கேட்டுப் பாருங்க. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், போனை உள்ளே வைத்துவிடுங்க. தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமைக்காகத்தான் அம்ரிதா தாஹிதிப் பெண்ணாக நின்றார்.