கதர் அங்கி முதல் கீமோதெரபி வரை... யார் இந்த எல்லப்பிரகடா சுப்பாராவ்?

கீமோதெரபி என்றாலே முடி கொட்டும், வாந்தி வரும் என்பதுதான் பலருக்கு ஞாபகம். ஆனால், கட்டியாக வளர்ந்து உடலில் பரவிய புற்றுநோயை மருந்தால் மட்டுமே குணமாக்க முடியும் என்று முதலில் நிரூபணமானது, பெண்களின் கருப்பையில் வரும் கோரியோகார்சினோமாவில்தான். அந்த மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். அது பிறந்த ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர், சென்னையில் மருத்துவம் படித்த எல்லப்பிரகடா சுப்பாராவ்.

மூன்றாவது முறைதான் பாஸ்

1895-ல், அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். டாப்பர் எல்லாம் இல்லை. மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முயற்சியில்தான் பாஸ், அதுவும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி.

காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சைக்குக் கதர் அங்கியில் போனார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதற்கிடையே, சாப்பாட்டுச் சத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் செய்யும் ஸ்ப்ரூ நோய்க்கு இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தார். அவருக்கும் அதே நோய் வந்து, ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார்.

ஹார்வர்டில் என்ன நடந்தது?

1922-ல் போஸ்டன் போய் இறங்கினார். கைச்செலவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, செல்களின் எரிசக்தியான ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். அப்படியும் அங்கே நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

1945-ல் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைப் பறித்த ஸ்ப்ரூவுக்கே அது மருந்தானது.

சத்து எப்படி புற்றுநோய் மருந்தாச்சு?

ஒரு செல் இரண்டாகப் பிரிய டி.என்.ஏ. நகல் வேணும். நகல் எடுக்க ஃபோலிக் அமிலம் வேணும். அச்சு அசல் அதே மாதிரி ஒரு போலியைக் கொடுத்தால்? செல்லின் என்சைம் ஏமாந்து போலியைப் பிடித்துக்கொள்ளும். நகல் வேலை நின்றுவிடும். வேகமாகப் பெருகும் புற்றுசெல்களுக்குத்தான் அடி அதிகம். வாய், குடல் செல்களும் வேகமாகப் பெருகுபவை என்பதால்தான் வாய்ப்புண் மாதிரி பக்கவிளைவுகள் வருகின்றன.

சுப்பாராவ் குழு உருவாக்கிய அமினோப்டெரினை, 1947 இறுதியில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார் போஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர். தற்காலிகமாகவேனும் பலருக்கு நோய் பின்வாங்கியது. அதே குழுவின் அடுத்த தயாரிப்புதான் மெத்தோட்ரெக்சேட்.

அவர் பார்க்காத வெற்றி

1948 ஆகஸ்டில், 53 வயதில், நியூயார்க்கில் சுப்பாராவ் இறந்தார். ஊரில் விட்டுவந்த மனைவியைப் பார்க்க அவர் திரும்பவே இல்லை.

கோரியோகார்சினோமா, கர்ப்பத்தின்போது உருவாகும் நஞ்சுக்கொடி செல்களில் இருந்து வருவது. நுரையீரலுக்குப் பரவிவிட்டால் அந்தக் காலத்தில் இளம் தாய்மார்கள் பிழைப்பது அபூர்வம். 1956-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியு லி, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் இவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். கட்டி கரைந்தது. கட்டி மறைந்த பிறகும், எச்.சி.ஜி. ஹார்மோன் அளவு முழுசா இறங்கும்வரை மருந்தை நிறுத்தக்கூடாது என்றார் லி. அந்தப் பிடிவாதத்தால் வேலையே போனது. இன்று அதுதான் நடைமுறை.

இப்போது ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் இந்தப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லோருக்குமே குணமாகிறது. பலர் மறுபடியும் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள். சினைப்பை, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு இன்று முதலில் கொடுப்பது சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் மாதிரி வேறு மருந்துகள். ஆனால், மருந்தால் புற்றுநோயை வெல்ல முடியும் என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் போட்டதில் சுப்பாராவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. நூற்றாண்டையொட்டி 1995-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.