சோர் ஹுவானாவின் இரு வார்த்தைப்பாடுகள்

1669ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள். புதிய ஸ்பெயின் என்று அந்நாளில் வழங்கிய மெக்சிகோவின் தலைநகரில், புனித ஜெரோம் கன்னியர் மடத்துப் பதிவேட்டில் நவதுறவி ஒருவர் தம் இறுதி வார்த்தைப்பாட்டைப் பதிந்து கையொப்பமிட்டார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்றோடு, உயிருள்ளவரை மடத்து எல்லையைக் கடவாதிருத்தல் என்ற நான்காவதும் அதில் அடங்கும். சோர் ஹுவானா இனேஸ் தெ லா குரூஸ் என்னும் பெயரால் உலகம் பின்னாளில் அறிந்த கவிஞர் அவரே.

முறைப்படி மணந்த பெற்றோரின் மகள் என்று அவர் அப்பதிவில் தம்மைக் குறித்துள்ளார். உண்மை அதுவன்று. தாய் இசபெல் ராமிரெஸ் மணமாகாமலே மக்களைப் பெற்றவர். 1687இல் எழுதிய உயிலில் அதனை அவர் மறைக்கவுமில்லை. பிறப்பின் தகுதி பார்த்துக் கதவு திறக்கும் உலகில் அம்மகள் வேறென்ன எழுதியிருக்க இயலும்?

நேப்பாந்த்லா என்னும் சிற்றூரில் பிறந்தவர் ஹுவானா. பிறந்த ஆண்டு 1648 என்பாரும் 1651 என்பாரும் உளர். மூன்று வயதில் தமக்கையின் பின்னே சென்று, தாயின் ஆணை என்று பொய் சொல்லி எழுத்தறிந்தார். பாட்டனாரின் நூல்கள் அவருக்குப் பள்ளியாயின. ஆணுடையில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புமாறு தாயிடம் மன்றாடியும் பயனில்லை. குறித்த காலத்துக்குள் பாடம் முற்றாவிடில் தம் கூந்தலைத் தாமே வெட்டிக்கொள்வாராம். அறிவில்லாத தலைக்கு அழகு எதற்கு என்பது அவர் கருத்து.

அரசப் பிரதிநிதி மன்செரா கோமகனின் அரண்மனையில் அறிஞர் நாற்பதின்மர் அவரைச் சோதித்து வியந்தனர் என்று அவர் வரலாற்றை முதலில் எழுதியவர் கூறுகிறார். எனினும் அரண்மனைப் பெண்ணுக்கு முன் இருந்தவை திருமணமும் மடமும் மட்டுமே. இல்லறத்தில் அவருக்குச் சிறிதும் நாட்டமில்லை. 1667இல் கடுமையான கார்மேல் சபையில் புகுந்து, சில திங்களில் வெளியேறினார். பின்னர்ப் புகுந்ததே ஜெரோம் மடம். கிறிஸ்துவின் மணமகளாவதற்கும் சீதனம் தேவைப்பட்டது. 3000 பெசோவைச் செல்வர் ஒருவர் செலுத்தினார். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த அவருக்குப் பணிசெய்யத் தாய் ஓர் அடிமைப் பெண்ணைத் தந்தார் என்பதையும் மறைத்தலாகாது.

மடத்தின் கணக்கை எழுதினார், கோயில்களுக்கு விழாப்பாடல்கள் புனைந்தார், நாடகங்கள் எழுதினார். பெரும்பாலும் பிறர் வேண்டுகோளுக்கு எழுதியவை. தம் விருப்பத்துக்கென எழுதியதாக அவர் குறிப்பது ‘முதற்கனவு’ ஒன்றையே. 975 அடிகள் கொண்ட அந்நெடும்பாட்டில், உடல் உறங்க, உயிர் மேலெழுந்து அனைத்தையும் ஒருசேர அறிய முயன்று தோற்கிறது, பின் படிப்படியாக அறிய முனைந்து அதிலும் திகைக்கிறது, பொழுது புலர்கிறது. கனவு கண்டவர் பெண் என்பதை ஈற்றடியில் வரும் பெண்பால் விகுதி ஒன்றே காட்டும். விகுதியின் வலிமையை அறிந்த தமிழ்க் கவிஞருக்கு அந்நுட்பத்தை விளக்க வேண்டுவதில்லை.

பரேதேஸ் கோமகளின் முயற்சியால் 1689இல் மத்ரீதில் அவர் கவிதைத் தொகுதி அச்சேறியது. மறு ஆண்டே இடி விழுந்தது. வியேய்ரா என்னும் இயேசு சபைக் குருவின் மறையுரையை மறுத்து அவர் எழுதியதைப் புவெப்லா ஆயர் அச்சிட்டு, அத்துடன் ஒரு கன்னியர் பெயரில் மறைந்து நின்று, உலகியல் கல்வியைக் குறைத்துக்கொள்ளுமாறு அறிவுரையும் சேர்த்தார். 1691 மார்ச்சில் ஹுவானா விடையளித்தார். பணிவான நடைதான், ஆனால் பெண்கள் கற்பதற்குரிய நியாயத்தை அதனினும் உறுதியாக அக்காலத்தில் உரைத்தவர் அரியர். நூல்களைத் தொடலாகாது என்று தலைவி ஒருவர் தடுத்த திங்கள்களிலும், அடுக்களையில் முட்டையும் சர்க்கரைப்பாகும் மாறும் இயல்பைக் கண்டு ஆராய்ந்ததாக அதில் கூறுகிறார்.

அதன்பின் அவர் பேனா ஓயத் தொடங்கியது. 1692இல் நகரில் பஞ்சமும் கலகமும். நூல்களையும் கருவிகளையும் விற்று ஏழைகளுக்கு வழங்கச் செய்தார். 1694இல், வார்த்தைப்பாட்டின் 25ஆம் ஆண்டு நிறைவில், தம் நம்பிக்கை அறிக்கையில் குருதியால் கையொப்பமிட்டார். இது மனமாற்றம் என்பர் சிலர். அடக்குமுறைக்குப் பணிந்தது என்பர் பலர். அந்த ‘விடை’யைப் படித்தவர்க்கு இரண்டாவதே பொருந்தித் தோன்றும்.

1695இல் மடத்தில் கொள்ளைநோய் பரவியது. நோயுற்ற சகோதரிகளைப் பேணிய ஹுவானா தாமும் நோயுற்று, ஏப்ரல் 17ஆம் நாள் காலமானார். 1669இல் கையொப்பமிட்ட அதே பதிவேட்டில், தம் இறப்பின் நாளையும் திங்களையும் ஆண்டையும் மேலே குறிக்குமாறு சகோதரிகளை வேண்டி, இருப்போரிடமும் இனி வருவோரிடமும் மன்னிப்புக் கேட்டு, தம்மையே பெண்களுள் கடையவர் என அவர் எழுதிவைத்திருந்தார்.